எங்கள் தெரு வடிகாலும் உன் மாமனாரும்

தம்பி,

பந்தல் போடுகிறவர் இப்போதுதான் வாசலை அளந்துவிட்டுப் போனார். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாமல் நின்றார், நான் போய்ப் பிடித்தேன். அவர் சொன்ன அளவு எனக்குச் சரியாகப் படவில்லை. திரும்ப அளக்கச் சொன்னேன். "நீங்க கான்ட்ராக்டரம்மான்னு சொன்னாங்க, மறந்தே போயிட்டேன்" என்று சிரித்தார். நீ ஆபீஸில் இருக்கிறாய். அப்பா பத்திரிகை கொடுக்க ஆவடிப் பக்கம் போயிருக்கிறார். கல்யாணம் முடிகிறவரை இந்த வீடு இனி இவ்வளவு அமைதியாக இருக்காது. அதனால் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்ததை இன்றைக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று எழுந்து போய்விடுவாய்.

நித்யாவைப் பற்றி நீ என்னிடம் சொன்ன நாள் நினைவிருக்கிறதா? நான் அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். "பாரிவாக்கம் தணிகாசலம் பொண்ணும்மா" என்றாய். என் முகம் மாறியதை நீ பார்த்தாய். பிறகு நான் சரி என்று சொன்னேன், எல்லாம் நல்லபடியாக நடந்தது. ஆனாலும் அந்த முகம் உனக்குள் தங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். "அந்த வீட்டோட உனக்கு என்னம்மா பகை?" என்று இரண்டொரு தடவை கேட்டும்விட்டாய். அவர் பெயரை நம் வீட்டில் போட்டிக்காரர் பெயராகவே கேட்டு வளர்ந்தவன் நீ. அதனால் அப்படித்தான் நினைப்பாய். அது பகை இல்லை. என்னவென்று சொல்ல முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் ஆவடியில் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். உன் தாத்தா தென்காசிப் பக்கத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். பெண்கள் யாரும் அதிகம் சேராத காலத்தில் சிவில் டிப்ளமோ படித்தேன். ஒரு கான்ட்ராக்டரிடம் எஸ்டிமேட் போட்டுக்கொடுக்கும் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு, அடுத்தவருக்குப் போடுகிற கணக்கை நமக்கே போட்டால் என்ன என்று தோன்றியது. உன் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். "போடு, பாத்துக்கலாம்" என்றார். அவ்வளவுதான் எங்கள் ஆலோசனைக் கூட்டம். அடிமட்ட வகுப்பு ஒப்பந்ததாரராகப் பதிவு செய்தேன். சேக்காட்டில் வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் மொபெட்டின் முன்னால் உன்னை நிற்க வைத்து மூன்று பேருமாக வேலை நடக்க வேண்டிய இடத்தைப் பார்க்கப் போவோம். டேப்பின் ஒரு முனை என் கையில், மறுமுனை அப்பா கையில். நடுவில் தொங்குகிற டேப்புக்குக் கீழே நீ குனிந்து குனிந்து ஓடுவாய். வீட்டுக்கு வந்து மெழுகுவத்தி ஏற்றி, டெண்டர் கவரின் வாயில் அரக்கை உருக்கி ஊற்றுவேன். அந்த வாசனை உனக்குப் பிடிக்கும், பக்கத்தில் வந்து மூக்கைச் சுருக்கிக்கொண்டு நிற்பாய். இன்றைக்கும் எங்காவது அரக்கு வாசனை வந்தால் எனக்கு அந்த வீட்டின் சிவப்புத் தரைதான் ஞாபகம் வருகிறது.

அந்தத் தெருவில் மழை பெய்தால் தண்ணீர் நேராக வீட்டுக்குள் வரும். கட்டில் காலுக்குச் செங்கல் வைத்துத்தான் ஐப்பசியை ஓட்டுவோம். ஒரு வருடம் எங்கள் தெருவுக்கே மழைநீர் வடிகால் கட்ட டெண்டர் அறிவித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் ஒரு வேலை அறிவித்தால் கான்ட்ராக்டர்கள் முதலில் டீக்கடையில் கூடுவார்கள். இது யாருடைய முறை என்று பேசி முடிப்பார்கள். முறை வந்தவர் தனக்கு வசதியான ஒரு விலை போடுவார், மற்றவர்கள் ஒப்புக்கு அதைவிடக் கூடுதலாகப் போடுவார்கள். கவரைப் பிரித்தால் போட்டி நடந்த மாதிரியே இருக்கும். அதற்கு 'ரிங்' என்று பெயர். விலை ஏறிப்போவதால் ஒதுக்கிய பணம் பாதித் தெருவுக்குத்தான் வரும். பக்கத்துத் தெரு வடிகால் அப்படித்தான் ஒரு வீட்டு வாசலோடு நின்றுபோயிருந்தது. எங்கள் தெரு வேலை தணிகாசலத்தின் முறை என்று முடிவாகியிருந்தது. பாரிவாக்கத்தில் நிலம் வைத்திருந்த பழைய குடும்பம், விவசாயத்தை விட்டு கான்ட்ராக்டுக்கு வந்தவர். அந்தப் பக்கத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

கவர் போடும் நாளன்று அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. உன்னையும் தூக்கிக்கொண்டு போனேன். எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை, அந்தக் கட்டடமே இப்போது இல்லை. வராந்தாவில் பச்சை வண்ணம் அடித்த இரும்புப் பெட்டி. அதைச் சுற்றித் தோளோடு தோள் உரச ஆட்கள். தணிகாசலம் பெட்டியின் மேல் முழங்கையை ஊன்றி நின்றார். கவர் போடுகிற வாயை அவருடைய கை மூடியிருந்தது.

"இன்னாம்மா, கைக்கொயந்தய வேற தூக்கினு வந்துகீற. வெயிலு எப்பிடி கீது பாரு. ஊட்டுக்குப் போம்மா. அடுத்த வேலை ஒனக்குத்தான், நான் சொல்றேன்" என்றார்.

"அடுத்த வேலை எங்க தெருவுல இல்லண்ணே. இதுதான் எங்க தெரு."

"ஒங்க தெருவுக்கு நான் கட்டித் தரமாட்டனா?"

"கட்டுவீங்க. பாதித் தெருவுக்குக் கட்டுவீங்க. எங்க வீடு மீதிப் பாதியில இருக்கு."

யாரோ சிரித்தார்கள். யாரும் நகரவில்லை. உள்ளே போய் அதிகாரியிடம் சொன்னேன். "வெளிய நடக்கறது எனக்குத் தெரியாதும்மா. பெட்டிக்குள்ள விழுந்தா எடுப்பேன்" என்று கோப்பைப் புரட்டினார். திரும்பி வந்தபோது பெட்டியை மூட அதிக நேரம் இல்லை. எனக்கு அழுகை முட்டியது. அதற்குள் நீ முந்திக்கொண்டாய். பசி. நீ வீறிட்ட வீறலில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. வேறு இடமில்லாமல் அங்கேயே, பெட்டிக்கு முன்னால், அத்தனை பேர் காலுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். தம்பி, நான் எந்தத் திட்டமும் போடவில்லை. குழந்தைக்குப் பசித்தது, ஊட்டினேன். ஆனால் சாப்பிடுகிற குழந்தையைச் சுற்றிச் செருப்புக் காலோடு நிற்க அவர்களுக்குக் கூச்சமாகிவிட்டது. ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். தணிகாசலம் மட்டும் அசையவில்லை. நீ இரண்டு வாய் வாங்கிவிட்டு, மூன்றாவது கவளத்தை என் கையிலிருந்து பிடுங்கி வீசினாய். தயிர்சாதம் அவருடைய வெள்ளை வேட்டியில் போய் அப்பியது.

"ச்சே, இன்னாடா இது!" என்று குழாயடிக்குப் போனார். முழங்கை பெட்டியை விட்டு எழுந்தது. என் வலது கை எச்சில். இடது கையால் கவரை எடுத்துப் போட்டேன்.

"அண்ணாத்தே, போட்டுச்சு! அந்தம்மா போட்டுச்சு!" என்று ஒருவன் கத்தினான். அவர் ஈர வேட்டியோடு வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று உன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் உன்னையே பார்த்தார். "கான்ட்ராக்டர் இவன்தான் போல கீது" என்றார்.

வேலை எனக்குக் கிடைத்தது. அதோடு கஷ்டமும் வந்தது. கான்கிரீட்டுக்கு அணை கொடுக்கிற சென்டரிங் தகடு வாடகைக்குக் கேட்டால் இல்லை என்பார்கள். கலவை மெஷின் இல்லை என்பார்கள். ரிங்கில் இருந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்கள். உன் அப்பா எஸ்டேட்டில் நண்பர்களைப் பிடித்துத் தகடு வளைத்துக் கொண்டுவந்தார். அப்படி இழுபறியில் வேலை தள்ளிப்போய், பள்ளம் தோண்டி வைத்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் தெருக்கோடியில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வீட்டுப் பக்கம் மண் சரிந்துகொண்டிருந்தது. சுற்றுச்சுவர் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது, வீட்டுச் சுவரிலும் விரிசல். வாத்தியார் மனைவி படுக்கையில் கிடப்பவர், அவரைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று வாத்தியார் கேட்கிறார். என்னிடம் இருந்த ஒரே பம்ப்பில் சேறு அடைத்துக்கொண்டது. நேற்றுவரை என்னோடு சிரித்துப் பேசிய தெருக்காரர்கள், "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை" என்று என் காதுபடவே சொன்னார்கள். நான் சேற்றில் இடுப்பளவு நின்றுகொண்டிருந்தேன். என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் ஒரு லாரி வந்தது. சவுக்குக் கட்டைகள், மணல் மூட்டைகள், இரண்டு டீசல் பம்ப்புகள். முன்னாலிருந்து தணிகாசலம் இறங்கினார், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டு போட்டுக்கொண்டு.

"எவன்டா இங்க மேஸ்திரி? மொதல்ல செவுத்துக்கு முட்டுக் குடு! அப்பால தண்ணிய எறைக்கலாம்!"

"அண்ணே, நீங்க எதுக்கு..."

"ஒம்மேல எனக்குக் கோவம் கீது. அது அப்பிடியே இருக்கட்டும். அந்த ஊடு இன்னா பண்ணுச்சு?"

சாயங்காலம்வரை மழையிலேயே நின்றார். சுவர் நின்றது. வாடகை என்ன என்று கேட்டதற்கு, "அடுத்த டெண்டர்ல பாத்துக்கறேன்" என்றார். சொன்னபடி பார்த்துக்கொண்டார். அடுத்த வேலையில் அரசு மதிப்பீட்டுக்கு அவ்வளவு கீழே விலை போட்டு என்னை மண்ணைக் கவ்வ வைத்தார். அதன் பிறகு அவர் எந்த ரிங்கிலும் உட்காரவில்லை. மற்றவர்கள் கூப்பிட்டால், "அந்தம்மா உள்ள வந்த பொறவு ரிங்கு இன்னாத்துக்கு?" என்பாராம். எங்கள் வடிகால் தெருவின் கடைசிவரை போனது. அந்த வருடத்துக்குப் பிறகு நம் கட்டில் காலுக்குச் செங்கல் வைத்ததில்லை.

இருபது வருடத்துக்கு மேல் நாங்கள் இப்படியே முட்டிக்கொண்டோம். பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர், சிறுபாலம், தார் ரோடு, எதுவானாலும் கடைசியில் மிஞ்சுவது நாங்கள் இரண்டு பேர்தான். நீ வீட்டுப்பாடம் எழுதுகிற மேசையின் மறுபக்கம் நான் விலை போட்டுக்கொண்டிருப்பேன். "தணிகாசலம் என்ன போடுவார்?" என்று அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்பார். எனக்குத் தெரியும். அவருடைய மேஸ்திரிகள் அறுப்பு நேரத்தில் ஊருக்குப் போய்விடுவார்கள், அப்போது ஏற்றிப் போடுவார். கோடையில் ஆட்களைச் சும்மா வைத்திருக்க மனம் வராது, அப்போது இறக்கிப் போடுவார். களிமண் என்றால் அவருக்குப் பயம், மேலே கொஞ்சம் சேர்ப்பார். கவர் பிரிக்கிற நாளில் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்து முறைத்துக்கொள்வோம். முடிந்ததும் அவர் டீ சொல்லுவார், தோற்றவர் காசு கொடுக்க வேண்டும். அந்த டீக்கடையும் இப்போது இல்லை, மேம்பாலத் தூண் நிற்கிறது.

பிறகு எல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்தது. பெட்டியை எடுத்துவிட்டார்கள். நல்லதுதான், முழங்கை வைத்து மறைக்க இனி எதுவும் இல்லை. ஆனால் எங்களுக்குக் கை வரவில்லை. பயிற்சி வகுப்பு என்று கூப்பிட்டபோது நரைத்த தலைகள் எல்லாம் ஆளுக்கு ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தன. நான் உன்னை, அவர் நித்யாவை. பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நாங்கள் பின்னால் நின்று ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தோம், முன்னால் என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை. அதன் பிறகு என் டெண்டரை நீ ஏற்றுவாய், அவருடையதை அவள் ஏற்றுவாள்.

இப்போது அந்த முகத்துக்கு வருகிறேன். நீ நித்யா பற்றிச் சொன்னதற்குச் சில வாரம் முன்னால்தான் கொரட்டூர் ஏரிக்கரை வேலை என் கையை விட்டுப் போயிருந்தது. பெரிய வேலை. தணிகாசலம் என்னைவிட நூல் அளவு குறைத்துப் போட்டு எடுத்திருந்தார். அவ்வளவு நெருக்கமாக யாரும் தற்செயலாகப் போட முடியாது என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நீ அவர் பெண்ணின் பெயரைச் சொன்ன நிமிடம், என் விலை அவர் காதுக்கு எப்படிப் போயிருக்கும் என்று மனம் ஒரு வழியைக் காட்டியது. அதுதான் தம்பி அந்த முகம். நான் கேட்கவில்லை. கேட்டால் நீ உடைந்துபோவாய் என்று பயம். கேட்காமல் இருந்தால் மட்டும் நான் என்ன நிம்மதியாகவா இருந்தேன்? நீ காபி குடிக்கிறபோதெல்லாம் உன் முகத்தைப் பார்த்தபடி நின்றேன்.

அவர்கள் முதன்முதலில் நம் வீட்டுக்கு வந்த அன்று நீ இனிப்பு வாங்கக் கடைக்குப் போயிருந்தாய். உன் மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து, நம் வீட்டுக் கூரையை ஒரு சுற்று நோட்டம் விட்டுவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணு கேக்கணும்மா. கேக்காம பொண்ணு குடுத்தா எனக்கு மனசு ஆறாது."

"கேளுங்கண்ணே."

"அம்பத்தூரு ஸ்கூல் வேலைல என்னயவிட நூல் அளவு கம்மியா போட்டு எடுத்துகினியே, எங்க பொண்ணு ஒன் பையன்கிட்ட எதுனா சொல்லிச்சா?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. "அண்ணே, ஏரிக்கரை வேலையில நான் உங்களக் கேக்கணும்னு வெச்சிருந்த கேள்வி இது" என்றேன். வாசற்படி ஓரம் நின்ற நித்யாவின் முகம் சிவந்துவிட்டது. "ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லையா? டெண்டர் பத்தி பேசக்கூடாதுன்னு மொத நாளே பேசிகினோம்பா. ரேட்டு போடற அன்னிக்கு நான் அவர் போனக்கூட எடுக்கமாட்டேன்" என்றாள். அவள் குரலில் இருந்த கோபம் பொய்யானது இல்லை. நான் தலைகுனிந்தேன், அவரும்தான். பிறகு அவர் மெதுவாக, "ஏரிக்கரைல மண்ணுக்கு இன்னா போட்ட?" என்றார். சொன்னேன். "தண்ணி எறைக்க?" சொன்னேன். இரண்டு பேரும் ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, கிட்டத்தட்ட ஒரே கணக்கு. அவர் தொடையைத் தட்டினார்.

"இருவது வருசமா ஒன் கவர்ல இன்னா கீதுன்னுதானம்மா யோசிச்சுகினு கீறேன். என் பொண்டாட்டி மனசுல இன்னா கீதுன்னுகூட அவ்ளோ யோசிச்சதில்ல."

"அது எனக்குத் தெரியாதா?" என்றார் உன் மாமியார். நீ இனிப்போடு உள்ளே வந்தபோது நாங்கள் எல்லோரும் ஏன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறோம் என்று உனக்குப் புரியவில்லை. இப்போது தெரிந்துகொள். உனக்கும் அவளுக்கும் நடுவில் ஏதாவது உறுத்தினால், அந்த மனிதர் கேட்டது மாதிரி முகத்துக்கு நேராகக் கேட்டுவிடு. என்னை மாதிரி மனதுக்குள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருக்காதே.

சொந்தமாகிவிட்ட பிறகு இரண்டு பேரும் ஒரே டெண்டரில் நிற்க முடியாது. விதி ஒருபக்கம் இருக்கட்டும், பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள். நிச்சயதார்த்தத்தன்று அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பூந்தமல்லிப் பக்கம் எனக்கு, ஆவடி அம்பத்தூரு ஒனக்கு. பிரிச்சுக்கலாமா?" என்றார். "அண்ணே, அதுக்குப் பேரு என்ன?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "ரிங்கு" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன். என் பதிவைப் புதுப்பிக்க வேண்டாம் என்று ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு நேற்று அலுவலகத்துக்குப் போனேன். அங்கே பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். கையில் அதே மாதிரி ஒரு கடிதம்.

"நீ எங்கம்மா இங்க?"

"நீங்க எதுக்கு வந்தீங்களோ அதுக்குத்தான்."

"தா இப்பிடி" என்று என் கடிதத்தை வாங்கிப் படிக்காமலே மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "எனக்கு முட்டி வலி. கம்ப்யூட்டர்ல போட்டு கம்ப்யூட்டர்லயே தோக்கறது எனக்கு ருசிக்கல. எதிர்ல ஒக்காந்து மொறைக்க ஆளு இல்ல. நீ ஓட்டும்மா. ஒனக்கு இன்னும் தெம்பு கீது" என்று எழுந்து கவுண்டரில் தன்னுடையதைக் கொடுத்துவிட்டு வந்தார். நான் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டுமா என்று இன்னும் தெரியவில்லை. எதிர் பெஞ்சில் அவர் இல்லாத டெண்டர் எப்படி இருக்கும் என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

இன்று காலை நீ கிளம்பிப் போன பிறகுதான் இனி எதற்கு என்று ஓரமாக வைத்திருந்த பாரிவாக்கம் வடிகால் டெண்டரைக் கம்ப்யூட்டரில் ஏற்ற இன்றே கடைசி நாள் என்று ஞாபகம் வந்தது. உனக்குப் போன் செய்தேன், மீட்டிங்கில் இருந்தாய். வேறு வழியில்லாமல் நித்யாவைக் கூப்பிட்டேன். திரையில் வருவதை நான் படிக்கப் படிக்க அவள் பொறுமையாக வழி சொன்னாள். விலை போடுகிற இடம் வந்ததும், "அத்தை, இங்க நீங்களே டைப் பண்ணிக்குங்க, என்கிட்ட சொல்ல வேணாம்" என்றாள். நான் அடித்தபடியே ஒவ்வொரு எண்ணையும் சத்தமாகச் சொன்னேன்.

"அத்தை, எஸ்டிமேட்டுக்கு இவ்ளோ லெஸ்ஸாவா? எங்க ஊரு மண்ணு எனக்குத் தெரியாதா? முழுக்கக் களி. கட்டுப்படியாவாது அத்தை."

அவள் சொன்னது சரி. அழித்துவிட்டு வேறு விலை போட்டேன்.

அம்மா